450 லிட்டர் செடித் தொட்டி: ஸ்டாண்டு வைத்தது முதல் கவாத்து வரை

பெரிய மீன்தொட்டி வைக்கப் போகிறேன் என்று சொன்னதும் எல்லோரும் கேட்டது, "என்ன மீன் விடப் போறீங்க?" என்பதுதான். நான் முதலில் யோசித்ததோ, வாராவாரம் 200 லிட்டர் தண்ணீரை எப்படி வெளியேற்றி எப்படித் திரும்ப நிரப்புவது என்பதை. உரமும் நல்ல வெளிச்சமும் கொடுத்துச் செடி வளர்க்கும் தொட்டிக்கு வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றுவது நல்லது. 15 லிட்டர் வாளியில் அள்ளினால் வெளியே ஊற்றப் பதினான்கு வாளி, உள்ளே ஊற்றப் பதினான்கு வாளி. இரண்டு வாரம் உற்சாகமாகச் செய்வோம், மூன்றாவது வாரம் தள்ளிப்போடுவோம், அப்புறம் பாசி தொட்டியை எடுத்துக்கொள்ளும். பெரிய தொட்டிகள் பெரும்பாலும் இப்படித்தான் பாழாகின்றன என்பது என் உறுதியான எண்ணம். அதனால் இடம், அளவு, குழாய், செடி என்று எதைத் தேர்ந்தெடுத்தாலும் வாராந்திர வேலை இதனால் சுலபமாகுமா என்று ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன்.

அளவு 150 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம். உயரத்தையும் 60 ஆக்கச் சொல்லிப் பலர் யோசனை சொன்னார்கள். வேண்டாம் என்று விட்டதற்குக் காரணம் என் கை. 50 செ.மீ. உயரத் தொட்டியில் தரையைத் தொடும்போதே தண்ணீர் அக்குள் வரை வந்துவிடுகிறது. அதற்கு மேல் போனால் நடவு, கவாத்து எல்லாமே ஸ்டூல் மேல் ஏறிச் செய்யும் வேலையாகிவிடும். தவிர, உயரம் கூடக் கூட அடிமட்டத்துக்குப் போகும் வெளிச்சம் குறையும், அதை ஈடுகட்ட விளக்கின் சக்தியைக் கூட்ட வேண்டும், அப்போது மேல் இலைகளில் பாசி பிடிக்கும். தொட்டிக்கு அழகு தருவது முன்னும் பின்னுமான ஆழம்தான். 60 செ.மீ. அகலம் இருந்தால் முன்னால் வெறும் மணல், நடுவில் கல்லும் கட்டையும், பின்னால் உயரச் செடிகள் என்று மூன்று அடுக்கு தாராளமாகக் கிடைக்கிறது.

எடைக் கணக்கை முன்பே போட்டுப் பார்த்துவிட வேண்டும். 12 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ. இந்தத் தொட்டிக்கு மூன்று சதுர மீட்டர், ஆக 90 கிலோ. மண்ணும் கல்லும் போக உண்மையில் நிற்கும் தண்ணீர் 400 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மண், கல், கட்டை, ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் மொத்தம் 700 கிலோவை நெருங்குகிறது. அது முழுதும் ஒரு சதுர மீட்டருக்கும் குறைவான இடத்தில் உட்கார்கிறது. வீட்டுத் தளங்களைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ சுமை என்ற கணக்கில்தான் வடிவமைப்பார்கள். அந்தக் கணக்கு தளம் முழுதும் பரவிய சுமைக்கானது, ஒரு மூலையில் கூடுதல் எடை வைத்த உடனே தளம் இடிந்துவிடாது என்பதும் உண்மை. ஆனாலும் மாடியில் வைப்பதென்றால் கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கேட்காமல் வைக்கவே கூடாது. நான் தரைத்தளத்திலேயே, குளியலறைச் சுவரை ஒட்டி, வெயில் நேராக விழாத பக்கமாக இடம் பார்த்தேன். குளியலறை பக்கத்தில் இருப்பது தண்ணீர் வேலைக்குப் பெரிய வசதி.

ஸ்டாண்டு இரும்புச் சட்டத்தில் செய்தது, மேலே 18 மி.மீ. நீர்ப்புகா பிளைவுட். ரசமட்டம் வைத்து நீளவாக்கிலும் அகலவாக்கிலும் பார்த்து, கால்களில் உள்ள திருகுகளைத் திருப்பி மட்டம் சரிசெய்தேன். ஒரு பக்கம் சற்றுத் தாழ்ந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் நிரப்பியதும் விளிம்பில் பளிச்சென்று தெரியும். அதைவிட மோசம், சட்டம் முறுக்கிக்கொண்டு நின்றால் ஒட்டுகளில் இழுவை விழும். பிளைவுட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஃபோம் விரிப்பு போட்டேன். அடியில் பிளாஸ்டிக் சட்டம் உள்ள தொட்டிகளுக்கு இந்த விரிப்பு போடக் கூடாது. அவற்றின் எடையைச் சட்டம்தான் தாங்கும்படி செய்திருப்பார்கள். வெறும் கண்ணாடி அடித்தட்டுக்கு மட்டும் அது அவசியம். நீளமான முன்கண்ணாடி நடுவில் வெளிப்பக்கமாகப் பிதுங்கும் என்பதால் மேல் விளிம்பில் உட்புறமாகக் கண்ணாடிப் பட்டைகளும் ஒட்டச் சொல்லியிருந்தேன்.

சிலிக்கான் நன்றாக இறுகியபின், உள்ளே எதுவும் போடாமல் விளிம்பு வரை நிரப்பி இரண்டு நாள் அப்படியே விட்டேன். ஒவ்வொரு ஒட்டின் மீதும் காய்ந்த டிஷ்யூ காகிதத்தை அழுத்தி இழுத்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத கசிவும் காகிதத்தில் ஈரமாகத் தெரிந்துவிடும். எல்லா மூலையும் காய்ந்தே இருந்தது.

தண்ணீர்க் குழாய் ஏற்பாடு

இந்தப் பகுதியைத்தான் விரிவாக எழுத ஆசை, ஏனென்றால் தொட்டி அமைப்பதைப் பற்றிப் பேசுபவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

வெளியேற்றுவதற்கு 20 மி.மீ. பிவிசி குழாயில் தலைகீழ் 'ப' வடிவக் கொக்கி ஒன்று செய்தேன். அதன் ஒரு கால் தொட்டிக்குள், இன்னொரு கால் வெளியே. வெளிக்காலில் பந்து வால்வு, அதிலிருந்து ஹோஸ் நேராகக் குளியலறை வடிகாலுக்கு. உள்ளே இருக்கும் காலை நீர்மட்டத்திலிருந்து 22 செ.மீ. கீழே முடியும்படி அறுத்தேன். ஹோஸை நிரப்பி வால்வைத் திறந்தால் தண்ணீர் தானாக இறங்குகிறது. மட்டம் அந்த 22 செ.மீ. அளவுக்கு வந்ததும் குழாய் வாயில் காற்று புகுந்து இந்த ஓட்டம் (சைஃபன்) அறுந்துவிடும். பக்கத்தில் நின்று காவல் காக்க வேண்டியதில்லை, மறந்துபோனாலும் தொட்டி வற்றாது. குழாய் வாயில் வலை கட்டியிருக்கிறேன், சின்ன மீன் போய்விடக் கூடாது என்பதற்காக.

நிரப்புவதற்கு 200 லிட்டர் டிரம். முந்தின நாளே குழாய்த் தண்ணீரைப் பிடித்து, குளோரின் நீக்கும் மருந்து கலந்து வைத்துவிடுவேன். அறையின் வெப்பத்துக்கு அது வந்துவிடும். டிரம்முக்குள் ஒரு சின்ன நீர்மூழ்கி பம்ப், அதன் ஹோஸ் தொட்டி விளிம்பில் மாட்டிய இன்னொரு கொக்கிக்குப் போகிறது. இந்தக் கொக்கியின் வாய் நீர்மட்டத்துக்கு மேலேயே இருக்க வேண்டும். தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால், பம்பை நிறுத்திய கணமே தொட்டித் தண்ணீர் பின்வாங்கி டிரம்முக்குள் இறங்கி, டிரம் வழிந்து வீடு நனையும்.

குளோரினைப் பொறுத்தவரை ஒன்று சொல்ல வேண்டும். வெறும் குளோரின் போட்ட தண்ணீர் ஒரு நாள் திறந்து வைத்தால் பெரும்பாலும் ஆறிவிடும். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் கலந்த தண்ணீர் அப்படி ஆறாது. அதனால் மருந்து போடுவதை வழக்கமாக்கிக்கொள்வதே நல்லது.

ஃபில்டர் ஒன்று பெரிதாக வாங்காமல், தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய வகை (கேனிஸ்டர்), மணிக்கு 1,500 லிட்டர் என்று போட்டது இரண்டு வாங்கினேன். பெட்டியில் அச்சிட்ட அளவு, உள்ளே ஸ்பாஞ்சும் பீங்கான் வளையங்களும் போடாத நிலையில் கணக்கிட்டது. நிரப்பிய பிறகு ஓட்டம் நன்றாகவே குறையும். இரண்டாக இருப்பதில் உண்மையான லாபம், ஒரு தடவை ஒன்றை மட்டும் கழுவலாம் என்பது. ஒன்று பழுதானாலும் இன்னொன்று ஓடிக்கொண்டிருக்கும். கழுவும்போது ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிய வேண்டும், குழாயடியில் காட்டினால் குளோரின் பட்டு, கழிவில் வரும் அம்மோனியாவை மாற்றும் நல்ல பாக்டீரியா செத்துப்போகும்.

மின்சார விஷயத்தில் சமரசமே கூடாது. எல்லா வயரும் பிளக்கைவிடக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி மேலேறும்படி விட்டிருக்கிறேன். வயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. 30 மில்லி ஆம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஒன்றும் இந்த இணைப்புக்குத் தனியாக உண்டு. தண்ணீரில் கை விடும் முன் விளக்கையும் பம்பையும் நிறுத்திவிடுவது நல்ல பழக்கம்.

கல், கட்டை, மண்

கல்லில் சுண்ணாம்பு இருந்தால் தண்ணீரின் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போகும். வினிகரை ஒரு சொட்டு விட்டால் நுரைப்பது சுண்ணாம்புக் கல். வினிகர் வலுவில்லாத அமிலம் என்பதால் மெல்லிய நுரையை உற்றுப் பார்க்க வேண்டும், காதருகே வைத்தால் சில கற்களில் சிறு சீறல் கேட்கும். நான் எடுத்தது ஓட்டை ஓட்டையாக இருக்கும் டிராகன் கல். அதன் பொந்துகளில் அடைந்த களிமண்ணைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தோண்டி எடுப்பதற்குள் விரல் மரத்துப்போனது. கட்டைகளை டிரம்மில் அமுக்கி வைத்து, தானாக மூழ்கும் வரை தண்ணீர் மாற்றிக்கொண்டே இருந்தேன். தேநீர் நிறத்தில் கறை இறங்கியது. அது டானின், மீனுக்குக் கெடுதல் இல்லை.

மண்ணுக்கு, செடித் தொட்டிக்கென்றே உருண்டையாகச் சுட்டு வரும் ஆக்வா சாயில். இது தண்ணீரின் கார்பனேட் கடினத்தன்மையையும் பிஎச்-ஐயும் இறக்கும், உரச்சத்தைப் பிடித்து வைத்து வேருக்குக் கொடுக்கும். முன்பக்கம் 4 செ.மீ., பின்பக்கம் 14 செ.மீ. என்று சரிவு. பின்பக்கம் முழுதும் மண்ணையே கொட்டினால் நாளாக நாளாகச் சரிந்து முன்னால் வந்துவிடும். அதனால் எரிமலைக் கல்லை வலைப்பைகளில் கட்டி அடியில் அடுக்கி, அதன் மேல் மண்ணைப் பரப்பினேன். கற்களை மண்ணுக்கு முன்பே, அடித்தட்டில் விரித்த மெல்லிய பிளாஸ்டிக் வலையின் மேல் அமர வைத்தேன். மண் மேல் வைத்த கல் ஒருநாள் சாயும்.

இருட்டிலேயே தொடக்கம்

புது ஆக்வா சாயில் முதல் சில வாரங்கள் அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் செடி நட்டு விளக்கும் போட்டால், வேர் பிடிக்காத செடியைவிடப் பாசிதான் அதை முதலில் சாப்பிடும். அடிக்கடி தண்ணீர் மாற்ற வேண்டியும் வரும். நான் தேர்ந்தெடுத்த முறை, செடி இல்லாமல், விளக்கு போடாமல், கல்லும் மண்ணும் தண்ணீரும் ஃபில்டரும் மட்டும் ஓடுவது. பாக்டீரியாவுக்கு வெளிச்சம் தேவையில்லை, பாசிக்குத் தேவை. தொட்டியைப் பழைய போர்வையால் மூடிவிட்டேன்.

பரிசோதனைச் சொட்டு மருந்தில் பார்த்தபோது வரிசை பாடம் படிப்பதுபோல வந்தது: முதலில் அம்மோனியா ஏறியது, அது இறங்கத் தொடங்கியபோது நைட்ரைட் ஏறியது, அதுவும் இறங்கியபோது நைட்ரேட் மட்டும் மிஞ்சியது. ஒரு மாதத்துக்குச் சற்று மேல் பிடித்தது. நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுவது நைட்ரோபாக்டர் என்றுதான் நெடுநாள் சொல்லிவந்தார்கள். நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையை நைட்ரோஸ்பைரா வகைதான் செய்கிறது என்று 1998-இல் வெளியான ஆய்வு காட்டியது. இவை தண்ணீரில் மிதப்பவை அல்ல, ஃபில்டர் வளையத்திலும் மண்ணிலும் கல்லிலும் ஒட்டி வாழ்பவை. அதனால்தான் கடைசியில் தண்ணீரை மொத்தமாக இறக்கினாலும் சேர்த்த பாக்டீரியா போகவில்லை. அந்த ஒரு வடிப்பிலேயே குவிந்திருந்த நைட்ரேட்டும் கட்டையின் கறையும் போய்விட்டன.

கட்டையின் மேல் வெள்ளையாகச் சளி போல ஒன்று படர்ந்திருந்தது. புதுக் கட்டையில் அது வருவது சகஜம், துடைத்துவிட்டால் போதும். மிச்சத்தை இறால் பார்த்துக்கொள்ளும்.

நடவு

தண்ணீர் மண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும்போது நடுவது எளிது. மண் குழைவாக இருக்கும், செடி மிதக்காது. ஒரு கையில் தெளிப்பான், ஒரு கையில் நீண்ட இடுக்கி. இலை காயவிடாமல் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். ரொட்டாலா, லுட்விஜியா போன்ற தண்டுச் செடிகளை ஏழெட்டு செ.மீ. நீளத்துக்கு வெட்டி, அடி இலைகளைக் கிள்ளி, ஒரு கணுவாவது மண்ணுக்குள் போகும்படி நட்டேன். இடுக்கியைச் சாய்வாக இறக்கி, மண்ணுக்குள்ளேயே லேசாகத் திறந்து, சற்று அசைத்து, வந்த சாய்விலேயே வெளியே இழுக்க வேண்டும். நேர்குத்தாக இழுத்தால் செடியும் கூடவே வந்துவிடும்.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், புசெபலாண்ட்ரா மூன்றையும் மண்ணில் நடவே கூடாது. கிடையாக ஓடும் தடித்த தண்டு மண்ணுக்குள் புதைந்தால் அழுகும். அவற்றைக் கட்டையிலும் கல் பொந்திலும் சூப்பர் க்ளூ ஜெல் ஒரு சொட்டு வைத்து ஒட்டினேன். ஈரத்தில் அது உடனே இறுகிவிடும், இறுகியபின் தண்ணீருக்குக் கெடுதல் செய்யாது.

நட்டபின் பிளாஸ்டிக் தாள் ஒன்றை மண்மேல் விரித்து, அதன் மேல் மெதுவாகத் தண்ணீர் விட்டேன். தண்ணீர் முதல் நாளே தெளிவாக இருந்தது.

பிறகு வந்த சில வாரங்களில் கிரிப்டோகரைன் என்ற செடியின் இலைகள் கூழாகிக் கரைந்தன. பார்ப்பவர் செத்துவிட்டதென்று பிடுங்கிவிடுவார். பிடுங்கக் கூடாது. வேர் உயிரோடுதான் இருக்கும், புதுத் தண்ணீருக்கு ஏற்ற புது இலைகள் அடியிலிருந்து வரும். நர்சரிகளில் பல செடிகள் தண்ணீருக்கு மேலே வளர்க்கப்படுவதால் மற்றவற்றிலும் பழைய இலை கொட்டிப் புதிது வருவது இயல்பு. கரையும் இலைகளை மட்டும் வெட்டி எடுத்துவிட்டேன், உள்ளேயே விட்டால் அதுவே பாசிக்கு உரம்.

வெளிச்சமும் வாயுவும் உரமும்

இந்த மூன்றில் வேகத்தைத் தீர்மானிப்பது வெளிச்சம். வெளிச்சத்தைக் கூட்டினால் செடி கூடுதல் கார்பன் டை ஆக்சைடு கேட்கும், அதைக் கொடுத்தால் கூடுதல் உரம் கேட்கும். எதில் குறை வைத்தாலும் பாசி வரும். அதனால் விளக்கைக் கொஞ்சம் உயர்த்தித் தொங்கவிட்டு, தினம் ஆறு மணி நேரத்தில் தொடங்கினேன். செடி அடர்ந்த பிறகே எட்டுக்குப் போனேன். டைமர் இல்லாமல் இதைச் செய்ய முயல வேண்டாம்.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து, சுவரோடு வார் போட்டுக் கட்டியிருக்கிறது. ரெகுலேட்டரின் அழுத்தமானி ஒரு விதத்தில் ஏமாற்றும். உள்ளே வாயு திரவமாக இருக்கும் வரை அழுத்தம் குறையாது, 20 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ 57 பார் என்றே நிற்கும். முள் இறங்கத் தொடங்கினால் திரவம் தீர்ந்துவிட்டது, சீக்கிரம் காலியாகும் என்று பொருள். எவ்வளவு மிச்சம் என்று தெரிய சிலிண்டரைத் தராசில் நிறுத்துவதே வழி. விளக்கு எரிவதற்கு இரண்டு மணி நேரம் முன், மின்சாரத்தில் இயங்கும் சோலினாய்டு வால்வு திறக்கிறது, விளக்கு அணைய ஒரு மணி நேரம் முன் மூடுகிறது. இரவில் செடிக்கு இது வேண்டாம்.

அளவு சரியா என்று பார்க்க, உள்ளே ஒட்டிய சின்னக் கண்ணாடிக் குமிழில் நிறம் மாறும் திரவம் இருக்கிறது. நீலம் என்றால் குறைவு, பச்சை என்றால் லிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம், மஞ்சள் என்றால் மீனுக்கு ஆபத்து. நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும் என்பதால் வால்வைத் திருகிவிட்டு உடனே அதைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. மீன்கள் மேற்பரப்பில் வாய் திறந்து மூச்சு வாங்கினால் நிறம் எதுவாக இருந்தாலும் வாயுவை மூடிவிட்டுக் காற்று பம்பை ஓடவிட வேண்டும்.

உரத்தைப் பொடியாக வாங்கி நானே கலக்கிறேன். 400 லிட்டரில் நைட்ரேட்டை 10 பிபிஎம் (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) உயர்த்த 4 கிராம் நைட்ரேட் வேண்டும். பொட்டாசியம் நைட்ரேட்டில் நைட்ரேட் 61 சதவீதம், ஆகவே ஆறரை கிராம். கூடவே ஆறு பிபிஎம் பொட்டாசியமும் கிடைத்துவிடுகிறது. பாஸ்பேட்டுக்கு மோனோ பொட்டாசியம் பாஸ்பேட், இரும்புக்கும் நுண்சத்துக்கும் தனிக் கலவை. இலையே பாதி பதில் சொல்லிவிடும். அடி இலை மஞ்சளானால் நைட்ரஜன் பற்றாக்குறை, பழைய இலையில் ஊசி குத்தியது போலத் துளை விழுந்தால் பொட்டாசியம், நுனித் தளிர் வெளிறினால் பெரும்பாலும் இரும்பு.

பாசி, இறால், மீன்

விளக்கு போட்ட சில வாரங்களில் கண்ணாடியிலும் மணலிலும் பழுப்புத் தூள் படிந்தது. டயாட்டம் எனப்படும் இது புதுத் தொட்டிகளில் வந்து போவது. துடைத்தேன், அடுத்து விட்ட ஓட்டோசிங்க்ளஸ் மீன்கள் மிச்சத்தைத் தின்று தீர்த்தன. தொல்லை கொடுத்தது கருந்தாடிப் பாசி. ஃபில்டர் தண்ணீர் வேகமாக வந்து மோதும் கட்டை முனையில் குஞ்சம் குஞ்சமாக முளைத்தது. ஃபில்டர்களைப் பத்து நிமிடம் நிறுத்தி, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிரிஞ்சில் எடுத்து அந்தக் குஞ்சங்களின் மேல் மட்டும் மெதுவாக விட்டேன், மொத்தத் தொட்டிக்கும் 50 மி.லி.க்குள். சின்னச் சின்னக் குமிழி கிளம்பியது. சில நாளில் கறுப்பு மாறி இளஞ்சிவப்பானது, அப்படி ஆனால் பாசி செத்துவிட்டது. அதன் பிறகு இறால்கள் அதை விடவில்லை.

இறால்கள் அமானோ வகை. செடித் தொட்டிக் கலையை உலகெங்கும் கொண்டுசென்ற ஜப்பானியர் தகாஷி அமானோ (1954–2015) பாசிக்காக இவற்றைத் தொட்டியில் விட்டுப் பிரபலமாக்கியதால் அவர் பெயரே நின்றுவிட்டது. பெண் இறால் முட்டை சுமக்கும், ஆனால் குஞ்சுகள் வளர உப்புக் கலந்த நீர் வேண்டும் என்பதால் தொட்டியில் பெருகாது. செம்பு கலந்த மீன் மருந்து எதையும் இந்தத் தொட்டிப் பக்கம் கொண்டுவரக் கூடாது, இறால் தாங்காது.

மீன்களைச் சிறு கூட்டமாக, இடைவெளி விட்டுத்தான் விட்டேன். ஓட்டோசிங்க்ளஸுக்குப் பின் ரம்மிநோஸ் டெட்ரா, கடைசியாகக் கார்டினல் டெட்ரா. ஒவ்வொரு தடவையும் மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரைக் கலந்து பழக்கி, வந்த தண்ணீரை ஊற்றாமல் மீனை மட்டும் வலையில் எடுத்து விட்டேன். 150 செ.மீ. நீளத்தின் பலன் ரம்மிநோஸிடம்தான் தெரிகிறது. கூட்டமாக ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய், எல்லாம் ஒரே நேரத்தில் திரும்புகின்றன.

இப்போது ரொட்டாலாவுக்கு முதல் கவாத்து முடிந்திருக்கிறது. நீர்மட்டத்தைத் தொட்டதும் பாதி உயரத்தில் வெட்டினேன். வெட்டிய இடத்துக்குக் கீழே உள்ள கணுவிலிருந்து இரண்டு கிளையாவது வருகிறது. மேல் துண்டுகளை இடைவெளிகளில் நட்டுவிட்டேன். கவாத்து நாளில் வெட்டிய இலைகள் ஃபில்டர் வாயை அடைக்கும், அதனால் அன்றைக்கே தண்ணீர் மாற்றத்தையும் வைத்துக்கொள்கிறேன். வெளியேறும் தண்ணீரில் நைட்ரேட் இருப்பதால் ஹோஸைக் குளியலறையிலிருந்து எடுத்து வெளியே உள்ள செடிகளுக்கே திருப்பிவிட்டேன். அடுத்த வேலை, இடது பின்மூலையில் வாலிஸ்னேரியா ஓடுகொடி விட்டு ரொட்டாலா பாத்திக்குள் நுழைவதைத் தடுப்பது. மண்ணுக்குள் ஒரு பிளாஸ்டிக் பட்டையைச் செங்குத்தாக இறக்கிப் பார்க்கப் போகிறேன்.